முன் டயருக்கு இருபத்திரண்டு

ஸ்கூட்டருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று கேட்டால், பாதிப் பேர் டயரைக் காலால் ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். உதைத்தால் கால் வலிக்குமே தவிர வேறொன்றும் தெரியாது. நீங்களும், ஐயா, ஸ்கூட்டரை வெளியே நிறுத்திவிட்டு அப்படித்தான் உதைத்துப் பார்த்தீர்கள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. உங்கள் பின் டயரில் காற்று குறைவாக இருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள், முப்பது வருஷமாக இதே வேலை, கண் தானாக அங்கே போய்விடுகிறது.

தமிழில் எழுதத் தெரிந்தவர் வந்தால்தான் பேசுவேன் என்று நான் பிடிவாதம் பிடித்தது திமிரினால் அல்ல. வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். இதற்காக நீங்கள் பதுளையிலிருந்து மழையில் வந்திருக்கிறீர்கள். அவசரமில்லாமல் சொல்கிறேன், நீங்களும் அவசரமில்லாமல் எழுதுங்கள்.

பெயர் இராமையா. வயது நாற்பத்தேழு. பெரகல சந்தியில் டயர் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பண்டாரவளையில் நௌபர் நானாவின் கடையில் சேர்ந்தேன். தொழில் முழுக்க அவர் கையால் கற்றதுதான்.

முந்தாநாள் இந்தப் பொலிஸ் ஸ்டேஷனில் இருந்த அதிகாரியிடம், காற்று அளக்கிற என் மீட்டர் பழுது, அதனால் தவறிப்போயிற்று என்று சொன்னேன். அது பொய். மீட்டர் நன்றாக இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறபோது அதற்குத்தான் முதல் பொட்டு வைப்பேன். அதன் மேல் பழி போட்டது இரண்டு நாளாக எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

காற்று விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் சொல்வது உங்களுக்குப் புரியாது. என் தங்கச்சி ஓட்டியது போன்ற ஸ்கூட்டருக்கு முன்னால் இருபத்திரண்டு போதும். பின்னால் ஓட்டுகிற ஆள் மட்டும் என்றால் இருபத்தொன்பது. வண்டியோடு வருகிற புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது, ஒருவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு, டயர் கல் மாதிரி இருந்தால்தான் வண்டி மேட்டில் இழுக்கும் என்று. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருஷம் இந்தப் பைத்தியம் இன்னும் முற்றிப்போனது. நாற்பது அடி, நாற்பத்தைந்து அடி என்று என்னோடு சண்டைக்கே வந்தார்கள். இழுக்கும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல் மாதிரி இருக்கிற டயர் ரோட்டைப் பிடிக்காது. காய்ந்த ரோட்டில் அது தெரியாது. மழை பெய்து, பனிமூட்டம் இறங்கி, தேயிலைச் சக்கையும் மண்ணும் கலந்து கிடக்கிற வளைவில் பிரேக்கை அமுக்கினால் முன் சக்கரம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கேட்கிற ஒவ்வொருவருக்கும் இதை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தச் சந்தியில் என்னைப்போல இதைச் சொன்ன ஆள் இல்லை.

தங்கச்சி பெயர் விஜயலெட்சுமி. எனக்கு விஜி. என்னைவிடப் பத்து வயது இளையவள். அப்பா நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து எங்களை வளர்த்தாள், பிறகு அவளும் போனாள். நாங்கள் இருந்த தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஓடை ஒன்று இருக்கிறது, மழைக் காலத்தில் தாண்ட முடியாது. வேலைக்குப் போகுமுன் நான் விஜியைத் தோளில் வைத்துத் தாண்டுவேன். அவளுடைய சப்பாத்து நனையக் கூடாது என்று அதை என் கழுத்தில் கட்டிவிடுவாள். படித்தாள். நன்றாகவே படித்தாள். எங்கள் லயத்தில் முதல் டீச்சர் அவள்தான். அவளை நான் படிக்கவைத்தேன் என்று சொல்லிக்காட்ட வரவில்லை. கூடப்பிறந்தவன் அதைச் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்.

டீச்சர் வேலை கிடைத்த அடுத்த வருஷம் ஹப்புத்தளையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற குடும்பத்திலிருந்து அவளைக் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை ஜீவன். நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒருநாள் பின்னேரம் விஜி என் கடைக்கு வந்து, பழைய டயர்கள் அடுக்கியிருக்கிற பக்கம் போய் நின்று அழுதாள். தோட்டத்து ஆட்கள் என்றால் மாப்பிள்ளையின் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாராம். அதனால் தான் பதுளை டவுனில் எங்கள் பெரியப்பா வீட்டில் பிறந்து வளர்ந்த பெண் என்று சொல்லியிருக்கிறாள். பெரியப்பா மகன் சிவஞானம் கந்தோரில் மேசை வேலை பார்க்கிறவன், கழுத்துப் பட்டி கட்டுகிறவன். அவனைத்தான் அண்ணன் என்று காட்டியிருக்கிறாள்.

"எனக்குக் கூடப்பொறந்தவங்க வேற யாருமில்லன்னு சொல்லிட்டேண்ணே," என்றாள்.

நான் கோபப்படவில்லை. சரி என்றேன். நீங்கள் எழுதுவதில் இது முக்கியம், ஐயா. நான்தான் சரி என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், கையெல்லாம் கறுப்பு, அதைக்கூடப் பார்க்கவில்லை.

"நாளைக்கு எனக்கு ஒரு புள்ள பொறந்து, அதுக்கு ஒரு நல்லதுன்னா, மாமன் எடத்துல நீங்கதாண்ணே நிக்கணும். அதுக்குள்ள நான் வீட்டுல எல்லாத்தையும் சொல்லிருவேன். சத்தியமா."

அந்தக் கல்யாணத்தை நான் பார்க்கவில்லை. அன்று கடையைத் திறந்துவைத்து, ஒரு லொறிக்கு நான்கு டயர் மாற்றினேன்.

பிறகு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. மதுஷா. விஜிக்குக் கொஸ்லந்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கிடைத்தது. ஹப்புத்தளையிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். திங்கட்கிழமைதோறும் காலையில் நிறுத்துவாள், நான் காற்றுப் பார்ப்பேன். காலையில் பார்ப்பதுதான் சரி, டயர் சூடாகியிருக்காது. பக்கத்தில் ஆள் இருந்தால், மற்ற வாடிக்கைக்காரர்களைப்போல என்னை 'பாஸ்' என்பாள். ஆள் இல்லாவிட்டால் 'அண்ணே' என்பாள். பதினோரு வருஷம், ஐயா. ஆள் இல்லாத திங்கட்கிழமைகளை எண்ணிக்கொண்டு நான் இருந்தேன். கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

பிள்ளையை எப்போதாவது கூட்டி வருவாள். டவுன் பிள்ளைகள் எல்லோரையும் அழைப்பதைப்போல அது என்னை 'அங்கிள்' என்றது. நான் யார் என்று அதற்குத் தெரியாது. நெற்றியும் காதும் எங்கள் அம்மாவுக்கு இருந்த மாதிரியே. நான் பார்த்துக்கொண்டிருப்பேன், அதோடு சரி.

இந்த வருஷம் மதுஷா பெரிய மனுஷியானாள். சடங்கு என்றால் எங்கள் ஆட்களிடம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் இந்தப் பக்கத்து ஆள்தானே. அப்பா இல்லாமல்கூடச் சடங்கு நடக்கும், தாய்மாமன் இல்லாமல் நடக்காது. தண்ணீர் வார்ப்பதும் அவன், சீர் கொண்டுவருவதும் அவன், மாலை போடுவதும் அவன். மாமன் குடிகாரனாக இருந்தாலும் அன்றைக்கு மட்டும் குளிப்பாட்டி வேட்டி கட்டிக் கூட்டி வந்து நிறுத்துவார்கள். நான் குடிப்பதுகூட இல்லை.

செய்தி கேட்ட அன்றே பாவாடை தாவணி எடுத்தேன். ரோஜாப் பூ நிறம். வளையல், பித்தளைத் தாம்பாளம், சந்தனக் கிண்ணம் எல்லாம் வாங்கி மேலே பரணில் வைத்தேன். கறுப்புக் கை படக்கூடாது என்று எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றினேன். விஜி எப்போது வந்து அழைப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை வந்தாள், காற்றுப் பார்த்துக்கொண்டாள், போனாள். அடுத்த திங்கட்கிழமையும் அப்படித்தான்.

பிறகு ஒருநாள் நௌபர் நானா வந்தார். அவருக்கும் ஜீவனின் அப்பாவுக்கும் நெடுநாள் பழக்கம், அழைப்பிதழ் போயிருக்கிறது. என் கதை முழுவதும் தெரிந்த ஒரே ஆள் அவர். கார்டை எடுத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இராமையா, இதில மாமன்ட எடத்தில ஒங்கட பேரு இல்ல. நீங்க போக வாணாம்."

தாய்மாமன் என்று போட்டு, கீழே தங்க எழுத்தில் சிவஞானம் என்று இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

நானா சொன்னதை நான் கேட்கவில்லை. கார்டு அடித்தது மாமியார் வீட்டார், மேடையில் விஜி கூப்பிடுவாள் என்று நினைத்தேன். எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதில் நான் கெட்டிக்காரன். வேட்டி கட்டிக்கொண்டு, தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். மண்டப வாசலில் விஜியும் அவளுடைய மாமியாரும் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு நின்றார்கள். விஜிக்கு என்னைக் கண்டதும் முகம் செத்துப்போயிற்று. மாமியார் தாம்பாளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, இது யார் என்று கேட்டார்.

"நம்ம ஸ்கூட்டர் பார்க்கிறவரு அத்தே. பெரகலயில கடை வச்சிருக்காரு. நல்ல மனுசன்."

மற்றதெல்லாம் எனக்குச் செரித்துவிட்டது. அந்த 'நல்ல மனுசன்' மட்டும் செரிக்கவில்லை. அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தாம்பாளத்தை யாரோ வாங்கிக்கொண்டு போய், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த தட்டுகளோடு வைத்தார்கள். என்னை வேன் டிரைவர்கள் உட்கார்ந்திருந்த மேசையில் உட்காரவைத்தார்கள். நல்ல சாப்பாடு. அங்கிருந்து மேடை தெரிந்தது. சிவஞானம் மாலை போட்டான். பிள்ளை குனிந்து அவன் காலைத் தொட்டது. அவன் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவனைப்போலத் திரும்பிக்கொண்டான். நான் ரசத்தையும் குடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.

இனி அந்தத் திங்கட்கிழமை. முதல்நாள் முழுக்க மழை. விடிந்து மழை விட்டிருந்தாலும், சந்தியில் எதிர்க்கடைப் பலகை தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். விஜி வந்தாள். பின்னால் மதுஷா உட்கார்ந்திருந்தது. சடங்குக்கு வர முடியாமல்போன டீச்சர்மார் பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்டார்களாம். அதற்காகத் தன்னோடு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறாள். கொக்கியில் ஒரு பை நிறையப் பலகாரப் பொதிகள் தொங்கின. அதிலிருந்து ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். பிள்ளை பக்கத்துக் கடைக்கு டொஃபி வாங்கப் போனதும் குரலைத் தாழ்த்தி, கோபமா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"இந்த ஒரு தடவ பொறுத்துக்கங்கண்ணே. அவ கல்யாணத்துக்கு நீங்கதான்."

கண்ணில் தண்ணீர்கூட இல்லை. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அழுதாவது சொன்னாள். இப்போது, ஸ்கூட்டருக்கு அடுத்த சேர்விஸ் எப்போது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது, ஐயா. கல்யாணத்திலும் நான் டிரைவர்களின் மேசையில்தான் உட்காருவேன்.

முன் டயருக்கு நாற்பத்தெட்டு அடித்தேன்.

அடித்துக்கொண்டிருக்கும்போது மதுஷா திரும்பி வந்து பக்கத்தில் குந்தி, எவ்வளவு அங்கிள் என்று கேட்டது. கெட்டிக்காரப் பிள்ளை, எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும். மீட்டரை என் பக்கம் திருப்பிக்கொண்டு இருபத்திரண்டு என்றேன். ஏன் இருபத்திரண்டு என்று கேட்டது. மழை ரோட்டில் டயர் ரோட்டை நன்றாகப் பிடிக்க வேண்டும், அதனால் என்று விளக்கமாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டது. எனக்கும் அதற்கும் நடந்த நீளமான பேச்சு அதுதான். விஜி அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. நான் அடிக்கிற காற்றை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

நான் நினைத்தது இவ்வளவுதான். சந்தியைத் தாண்டியதும் வருகிற முதல் வளைவில் வண்டி சறுக்கும். அங்கே யாரும் வேகமாகப் போவதில்லை. முழங்கால் தேயும், சேலை கிழியும். நான் ஓடுவேன். நாலு பேருக்கு முன்னால் நான்தான் தூக்குவேன். வலியில் வருகிற வார்த்தை 'பாஸ்' என்று வராது. முதல் வளைவை அவள் நன்றாகவே ஓட்டிப் போனாள், மூட்டத்துக்குள் வண்டிச் சத்தம் கேட்டது. இரண்டாவதையும் போனாள். கூப்பிட்டு நிறுத்த நேரம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. என் கையில் போன் இருந்தது. பலகாரப் பொதியைப் பிரித்தேன், பயற்றம் பலகாரம் இருந்தது.

மூன்றாவது வளைவில் எதிரே பஸ் வந்திருக்கிறது. பஸ்காரன் மேல் பிழையில்லை, அவனை விட்டுவிடுங்கள். சத்தம் கேட்டு ஓடிப்போய்த் தேயிலை மலைக்குள் இறங்கியது நான்தான். பிள்ளை ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம், கல்லில் கிடந்தது. தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் மடியில் படுக்கவைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வரைக்கும் என் மடியில்தான் இருந்தது. பாதி வழியில் மூச்சு நின்றதை டிரைவருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் மெதுவாக ஓட்டுவான், அல்லது நிறுத்துவான். எனக்கு இறக்கிவைக்க மனம் வரவில்லை.

பின் டயரைப் பற்றிக் கேட்டீர்களே, அதை நீங்கள் மறுபடியும் கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன். வண்டியைப் பரிசோதித்தவர் எழுதிய தாளில் முன்னால் நாற்பத்தெட்டு, பின்னால் முப்பத்தாறு என்று இருக்கிறது. பின்னால் ஏன் சரியாக இருக்கிறது என்பதுதானே உங்கள் கேள்வி. பின்னால் ஒரு ஆள் ஏறினால் முப்பத்தாறு, அதுதான் கணக்கு. ஆமாம், பிள்ளை ஏறும் என்று தெரிந்துதான் அடித்தேன். பின் டயரில் தவறு செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. அதன் மேல்தானே மதுஷா உட்காரும். பிள்ளைக்கு நான் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தேன். இதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

விஜிக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. பிள்ளை போனதை அப்போது அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் உங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போய் விசாரித்தபோது நான் கதவுப் பக்கம் நின்றேன். கட்டிலைச் சுற்றி ஜீவன், அவனுடைய அம்மா, சிவஞானம் எல்லோரும் நின்றார்கள். வழுக்கும் டயர், அளவுக்கு மிஞ்சிய காற்று என்று பேச்சு வந்தது. அந்த டயர் கடைக்காரனைப் பிடித்து விசாரிக்க வேண்டும் என்று மாமியார் கத்தினார். விஜி தலையைத் திருப்ப முடியாமல், கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க அத்தே. அவரு என் கூடப்பொறந்த அண்ணன். அவரு தப்பா அடிக்க மாட்டாரு."

மாமியார் சிவஞானத்தைப் பார்த்தார். சிவஞானம் தரையைப் பார்த்தான். எல்லோர் காதிலும் விழுந்தது, ஐயா. பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு, அத்தனை பேருக்கு முன்னால்.

மீட்டர் பழுது என்று நான் பிடித்துக்கொண்டிருந்தால், அவளும் எனக்காகப் பேசிக்கொண்டிருந்தால், நீங்கள் என்னை விட்டிருப்பீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் அண்ணன் என்று அவள் சொன்ன பிறகு பொய் சொல்லிக்கொண்டிருப்பது சரியில்லை. ஒரு நல்ல அண்ணன் அதைச் செய்ய மாட்டான். அதனால்தான் வந்து சொல்கிறேன்.

எழுதியதைக் கொடுங்கள், வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். மேலே தொழில் என்ற இடத்தில் டயர் கடை என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரிதான். அதற்குக் கீழே, இறந்த பிள்ளைக்கு உறவு என்று ஒரு வரி சேர்த்துத் தாய்மாமன் என்று எழுதுங்கள். சந்தேகமாக இருந்தால் வாட்டுக்குக் கொண்டுபோய் விஜியிடம் காட்டுங்கள். இனி அவள் இல்லை என்று சொல்ல மாட்டாள்.